கடைக்குப் போய்வருவதை எப்படி அளப்பது?

"ஓடிப்போய் அரை லிட்டர் பால் வாங்கிட்டு வா, அப்படியே ஒரு கட்டு கொத்தமல்லி." எட்டு, ஒன்பது வயதில் பிள்ளை இருக்கிற வீட்டில் இந்தக் குரல் கேட்காத நாள் குறைவு. பத்து நிமிட வேலைதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்குள் என்னவெல்லாம் நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். தெருவைக் கடக்க வேண்டும். நாய் படுத்திருந்தால் ஒதுங்கிப் போக வேண்டும். கடையில் பெரியவர்கள் முண்டிக்கொண்டு நிற்கும்போது "அண்ணே, பால்" என்று குரல் கொடுக்க வேண்டும். மீதிச் சில்லறையை எண்ணி வாங்க வேண்டும். வழியில் கூட்டாளி நின்றால் நாலு வார்த்தை பேச வேண்டும். திரும்பி வந்ததும் "கொத்தமல்லி வாடியிருக்கே, பார்த்து வாங்க மாட்டியா?" என்ற திட்டும் உண்டு. அந்தத் திட்டுகூட, இந்த வீட்டு வேலையில் உனக்கும் பங்கு இருக்கிறது என்று சொல்லும் ஒரு வழிதான்.

அதே வீட்டில் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை ஒன்று இருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி இந்தக் குரல் அநேகமாக எழாது. யாரும் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்வதில்லை. விழுந்துவிடுமோ என்ற பயம், நேரமாகிவிடுமே என்ற அவசரம், இவன் பேசுவது கடைக்காரருக்குப் புரியாதே என்ற தயக்கம். ஒரு நாளைக்கு எடுத்துக்கொண்டால் இது சின்ன விஷயம். வருடக்கணக்கில் சேர்ந்தால், ஒரே கூரையின் கீழ் வளரும் இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கை வெவ்வேறு ஊர்களில் நடப்பதுபோல் ஆகிவிடும். மருத்துவமனைக் கோப்பில் இந்த விலகல் பதிவாவதே இல்லை. முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது, தசை எவ்வளவு இறுகியிருக்கிறது, பிடிமானத்தோடு எத்தனை மீட்டர் நடக்க முடிகிறது என்பதெல்லாம் அங்கே இருக்கும். கடைக்குப் போகிறானா என்று எழுத ஒரு கட்டம் இருக்காது.

அந்தக் கட்டத்தை உருவாக்கத்தான் குழந்தைகள் மறுவாழ்வுத் துறையில் இருப்பவர்கள் 20 ஆண்டுகளுக்கும் மேலாக முயன்று வருகிறார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் பங்கேற்பு. கேட்க எளிய சொல். அளக்கப் போனால்தான் அதன் சிக்கல் தெரிகிறது.

முடியும் என்பதும் செய்வதும்

உலக சுகாதார நிறுவனம் 1980இல் வெளியிட்ட வகைப்பாடு ஒரே திசையில் ஓடியது. உடலில் ஒரு பழுது, அதனால் ஓர் இயலாமை, அதனால் சமூகத்தில் ஒரு பின்னடைவு. எல்லாவற்றுக்கும் மூலகாரணம் அந்த உடம்பு என்பதுபோல் இருந்தது அந்த வரிசை. 2001 மே மாதம் உலக சுகாதார மன்றம் ஏற்றுக்கொண்ட புதிய வகைப்பாடு (சுருக்கமாக ஐசிஎஃப்) அதை மாற்றியது. வாழ்க்கைச் சூழல் ஒன்றில் ஒருவர் ஈடுபட்டிருப்பதே பங்கேற்பு என்று அது வரையறுத்தது. சூழலையும் கணக்குக்குள் கொண்டுவந்தது. படிக்கட்டு, பேருந்து, சட்டம், அக்கம்பக்கத்தாரின் பார்வை எல்லாமே அதில் அடங்கும். குழந்தைகளுக்கென்று ஒரு பதிப்பு 2007இல் வந்தது.

இந்த வகைப்பாட்டில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அது பிரித்துக் காட்டும் இரண்டு கேள்விகள். ஒன்று, தடையில்லாத, ஒரே சீரான சூழலில் வைத்துப் பார்த்தால் இந்தப் பிள்ளையால் எவ்வளவு முடியும்? இன்னொன்று, தான் வாழும் இடத்தில் இந்தப் பிள்ளை உண்மையில் என்ன செய்கிறது? முதலாவது திறன், இரண்டாவது நடப்பு. இரண்டும் எப்போதும் கைகோத்துப் போவதில்லை. பிசியோதெரபி அறையின் வழவழப்பான தரையில் 50 மீட்டர் நடக்கும் பிள்ளை, வீட்டிலிருந்து 40 மீட்டரில் இருக்கும் கடைக்கு ஒருமுறைகூடப் போயிருக்காது. ஒரு அடிகூட நடக்க முடியாத இன்னொரு பிள்ளை அண்ணனின் சைக்கிளில் தொற்றிக்கொண்டு தினமும் அதே கடைக்குப் போய், கணக்குப் பார்த்துச் சில்லறை வாங்கி வரும். கோப்பை மட்டும் படித்தால் முதல் பிள்ளை தேறிவிட்டது என்போம், இரண்டாவதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவோம்.

இவ்வளவு தெளிவாகப் பிரித்த அதே வகைப்பாடு வேறோர் இடத்தில் குழப்பத்துக்கும் வழிவிட்டது. செயல்பாடு எது, பங்கேற்பு எது என்று கோடு போடாமல், இரண்டையும் ஒன்பது அத்தியாயங்கள் கொண்ட ஒரே பட்டியலில் வைத்தது. எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதற்கு நான்கு வழிகளைச் சொல்லி, விருப்பம்போல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. விளைவு, "தானாகச் சட்டை போட முடியுமா?" "கரண்டியைப் பிடிக்க முடியுமா?" என்றெல்லாம் கேட்டுவிட்டு, அதையும் பங்கேற்புக் கணக்கில் சேர்த்த வினாத்தாள்கள் ஏராளம். சட்டை போடத் தெரிவது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பிள்ளை எங்கே போகிறது என்பதுதான் இங்கே கேள்வி.

55 அட்டைகள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஹாமில்டன் என்ற நகரம். அங்கே மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கேன்சைல்ட் என்ற ஆய்வு மையம் இருக்கிறது. ஜில்லியன் கிங், மேரி லா ஆகியோரின் குழு அங்கிருந்து 2004இல் கேப் என்ற அளவுகோலை வெளியிட்டது. பள்ளிப் பாடவேளைக்கு வெளியே பிள்ளைகள் செய்யக்கூடிய 55 விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். 6 வயதிலிருந்து 21 வயது வரை உள்ளவர்களிடம் கேட்கலாம். ஊனம் உள்ளவர், இல்லாதவர் என்ற பேதமில்லாமல் எல்லாரிடமும் அதே கேள்விகள். கடந்த நான்கு மாதத்தில் இதைச் செய்தாயா? எத்தனை முறை? யாருடன்? எங்கே? எவ்வளவு பிடித்திருந்தது?

"யாருடன்" என்ற கேள்விக்குத் தனியாக, வீட்டாருடன், உறவினருடன், நண்பருடன், மற்றவர்களுடன் என்று பதில் விரிந்துகொண்டே போகும். "எங்கே" என்பதும் அப்படித்தான், வீட்டில் தொடங்கி ஊர் எல்லையைத் தாண்டும். ஒரு பிள்ளையின் உலகம் எவ்வளவு அகலம் என்பது இந்த இரண்டு கேள்விகளிலேயே தெரிந்துவிடும். வாரத்துக்கு ஏழு மணி நேரம் விளையாடுகிறது என்று சந்தோஷப்படும்போது, அத்தனையும் வீட்டுக்குள், அம்மாவுடன் மட்டும் என்று தெரிந்தால் அந்த ஏழுக்கு அர்த்தமே மாறிவிடுகிறது இல்லையா?

ஆனால் எண்களைக் கூட்டிப் பார்க்கும்போது கவனம் வேண்டும். "எத்தனை முறை" என்பதற்கு 1 முதல் 7 வரை மதிப்பெண். நான்கு மாதத்தில் ஒரே ஒரு தடவை என்றால் 1, வாரம் ஒருமுறை என்றால் 5, தினமும் என்றால் 7. எல்லாவற்றையும் கூட்டி 55ஆல் வகுத்தால் பங்கேற்பின் செறிவு கிடைக்கும். இப்போது இரண்டு பிள்ளைகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதல் பிள்ளை ஐந்தே விஷயங்களைத்தான் செய்கிறது, ஆனால் தினமும். டிவி, படம் வரைவது, பாட்டு, பொம்மை, நாய்க்குட்டி. ஐயேழு முப்பத்தைந்து. இன்னொரு பிள்ளை 35 விஷயங்களைத் தலைக்கு ஒரு தடவை செய்து பார்த்திருக்கிறது. அதுவும் 35. இரண்டுக்கும் செறிவு 0.64. ஒன்றின் வாழ்க்கை நான்கு சுவருக்குள் நிலையாக ஓடுகிறது, மற்றொன்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு எதிலும் தங்காமல் நகர்கிறது. எத்தனை வகை என்பதைத் தனியாகவும் எத்தனை முறை என்பதைத் தனியாகவும் பார்க்கச் சொல்வது இதனால்தான். ஒற்றை எண்ணை மட்டும் கொடுக்கும் அறிக்கை எதைப் பார்த்தாலும் எனக்கு இந்த 35 நினைவுக்கு வரும்.

கேப் சொல்லாமல் விட்டது, தடை எங்கே இருக்கிறது என்பது. அதற்காகவே வந்தது பெம்-சிஒய் என்ற வினாத்தாள். வெண்டி கோஸ்டர், மேரி லா, கேரி பெடல் முதலானோர் அமெரிக்காவிலும் கனடாவிலும் உருவாக்கியது. 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்பது. வீட்டில் 10, பள்ளியில் 5, ஊருக்குள் 10 என 25 வகைச் செயல்கள். பள்ளிப் பகுதியில் வகுப்புப் பாடமும் உண்டு, சுற்றுலாவும் உண்டு, பள்ளியில் ஏதாவது பொறுப்பு வகிப்பதும் உண்டு. இந்தக் கடைசி விஷயத்தை யோசித்தவர் யாரோ, அவருக்கு ஒரு வணக்கம். வகுப்புத் தலைவனாகவோ, சாக்பீஸ் எடுத்துவரப் போகிறவளாகவோ மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையை எத்தனை வகுப்பில் பார்த்திருக்கிறோம்?

ஒவ்வொரு செயலுக்கும் எத்தனை முறை, எவ்வளவு ஈடுபாடு, இதில் மாற்றம் வேண்டும் என்று நினைக்கிறீர்களா என்று மூன்று கேள்விகள். பிறகு அந்த இடத்தின் வசதி, வெளிச்சம், சத்தம், மனிதர்களின் நடத்தை, போக்குவரத்து, பணம், நேரம் இவையெல்லாம் உதவியா தடையா என்ற கேள்விகள். 576 பெற்றோர் இணையம் வழியாகப் பதில் சொன்ன முதல் பெரிய ஆய்வில், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகள் ஊர் நிகழ்வுகளுக்குப் போவதும் குறைவு, போனாலும் ஈடுபாடு குறைவு, சூழலில் தடைகள் அதிகம், மாற்றம் வேண்டும் என்று ஏங்கும் பெற்றோரும் அதிகம் என்பது தெரிந்தது.

போனதும் கலந்துகொண்டதும்

மேலே ஈடுபாடு என்ற சொல் வந்ததே, கொஞ்சம் அங்கே நிற்போம்.

பள்ளி விளையாட்டு விழா. மைதானத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலி போட்டு, நம் பிள்ளையை உட்காரவைத்திருக்கிறார்கள். வெயில் படாமல் குடை, கையில் ஜூஸ். அன்பாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் ஆஜர். விழா முடிந்து "இன்னைக்கு என்ன பண்ணின?" என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. இதே மைதானத்தில் அதே நாற்காலியில் அமர்ந்து, விசிலைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டப்பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் வேலை அந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருந்தால்? கால் அதே கால்தான். நாள் வேறு.

ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டின் இம்ஸ், ஸ்வீடனின் மாட்ஸ் கிரான்லுண்ட் ஆகியோர் அடங்கிய குழு 2016, 2017 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இதைத்தான் தெளிவாக்கின. பங்கேற்பில் இரண்டு பாதி உண்டு. அங்கே இருப்பது ஒரு பாதி, அங்கே இருக்கும்போது மனம் அதில் இருப்பது மறுபாதி. இருந்தால்தான் ஈடுபட முடியும், ஆனால் இருப்பதாலேயே ஈடுபாடு வந்துவிடாது. இவற்றோடு பின்னிக்கிடப்பவை மூன்று: அந்தச் செயலுக்கான கைத்தேர்ச்சி, தன்னைப் பற்றித் தனக்கிருக்கும் எண்ணம், எது பிடிக்கும் என்ற விருப்பம். இவை பங்கேற்பை வளர்க்கும், பங்கேற்பால் இவையும் வளரும். நம் கடைக் கதையில் இந்தச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதைப் பார்க்கலாம். அனுப்பாததால் பழக்கமில்லை. பழக்கமில்லாததால் "எனக்குத் தெரியாது" என்ற எண்ணம். அந்த எண்ணம் முற்றியபின் "எனக்குப் போகப் பிடிக்காது" என்ற பதில். கடைசியில் அந்தப் பதிலையே எடுத்து, அவனுக்கே விருப்பமில்லை என்று எழுதிவிடுகிறோம்.

இருப்பதை எண்ணுவது சுலபம். ஈடுபாட்டை எப்படி எண்ணுவது? வெளியிலிருந்து பார்த்தால் பல நேரம் தெரியாது. ஆட்டிசம் உள்ள பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டு முழுவதையும் கேட்டிருக்கும். சிரித்துக்கொண்டே இருக்கும் பிள்ளை மனதுக்குள் வீட்டுக்குப் போகும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்கும். பெம்-சிஒய் இதைப் பெற்றோரிடம் ஐந்து படி அளவில் கேட்கிறது. வேறு வழி இல்லை என்றுதான் கேட்கிறது. ஆனால் பெற்றோருக்கு எவ்வளவு தெரியும்?

நம் நாட்டுக்கும் இந்த வேறுபாடு நேரடியாகப் பொருந்தும். கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், கடுமையான ஊனமோ பலவகை ஊனமோ உள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையைத் தந்தது. சிறப்பாசிரியர் வீட்டுக்கே வந்து சொல்லிக்கொடுப்பது பல குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளிப் பதிவில் அந்தப் பிள்ளையின் பெயர் இருக்கிறது, சேர்க்கைக் கணக்கில் ஒரு எண் கூடுகிறது. கூடப் படிக்கும் 30 பிள்ளைகளில் ஒருவரின் பெயர்கூட அதற்குத் தெரியாமல் இருக்கலாம்.

யாரோடு ஒப்பிடுவது, யாரைக் கேட்பது

மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளை மட்டும் அளந்தால் போதாதா, மற்றவர்களை எதற்கு அளக்க வேண்டும்? அவசியம் இருக்கிறது. 13 வயதுப் பையன் முன்புபோல் வெளியே விளையாடப் போவதில்லை என்றால் அது ஊனத்தாலா, வயதாலா? வளரிளம் பருவத்தில் பல பொழுதுபோக்குகள் எல்லாப் பிள்ளைகளுக்குமே குறைகின்றன. பக்கத்து வீட்டுப் பையனின் கணக்கு கையில் இல்லாவிட்டால், இவனுடைய சரிவில் எவ்வளவு இயல்பானது, எவ்வளவு அநியாயமானது என்று பிரிக்க முடியாது.

அதற்காக மற்றப் பிள்ளைகளின் சராசரியையே இலக்காக வைத்துவிடவும் கூடாது. நம் ஊரில் பத்து வயதுவரை கடைக்கு ஓடிய பெண்பிள்ளை வயதுக்கு வந்தபின் ஓடுவதில்லை. அந்தப் பிள்ளைக்கு எந்த ஊனமும் இல்லை. ஒப்பீட்டுக் குழுவே கட்டிப்போடப்பட்டிருக்கும்போது, அதோடு சமமாகிவிட்டது என்று சொல்வதில் என்ன நிறைவு இருக்கிறது?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஊனம் உள்ளவர், இல்லாதவர் என்ற கோட்டையே எங்கே போடுவது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. யுனிசெஃப் 2021 நவம்பரில் வெளியிட்ட அறிக்கையோ உலகில் ஏறத்தாழ 24 கோடிக் குழந்தைகளுக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, ஊனம் உள்ளது என்கிறது. இடமும் வயதும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் வைக்க முடியாது. ஆனாலும் இவ்வளவு இடைவெளி வருவதில் கேள்வியின் பங்கு பெரியது. வீட்டில் ஊனமுற்றவர் யாராவது உண்டா என்று கேட்டால், வெளியில் தெரியும் ஊனம்தான் வரும், அதையும் சிலர் மறைப்பார்கள். யுனிசெஃபும், ஊனம் பற்றிய புள்ளிவிவர முறைகளை வகுக்கும் வாஷிங்டன் குழுவும் சேர்ந்து உருவாக்கி 2016இல் வெளியிட்ட கேள்விகள் ஊனம் என்ற சொல்லையே எடுப்பதில்லை. அதே வயதுப் பிள்ளைகளோடு பார்க்கும்போது நடப்பதில், பேசுவதில், கற்பதில், நண்பர்களைச் சேர்த்துக்கொள்வதில் சிரமம் உண்டா? இல்லை, கொஞ்சம், நிறைய, முடியவே முடியாது. அவ்வளவுதான். அந்த 2021 அறிக்கை இன்னொன்றும் சொன்னது. ஊனமுள்ள குழந்தைகள் பள்ளிப் படியே மிதிக்காமல் போகும் வாய்ப்பு மற்றவர்களைவிட 49 விழுக்காடு அதிகம், தன்னை மகிழ்ச்சியற்றவராக நினைக்கும் வாய்ப்பு 51 விழுக்காடு அதிகம்.

இந்த மகிழ்ச்சிக் கணக்குக்கு வேறொரு பக்கமும் உண்டு. ஐரோப்பாவில் ஏழு நாடுகளின் ஒன்பது வட்டாரங்களில், மூளை முடக்குவாதம் உள்ள 8 முதல் 12 வயது வரையிலான 818 பிள்ளைகளை 2004, 2005 ஆண்டுகளில் வீடு தேடிப்போய்ச் சந்தித்தது ஸ்பார்க்கிள் என்ற ஆய்வு. தாமே பதில் சொல்ல முடிந்தவர்கள் 500 பேர். தங்கள் வாழ்க்கைத்தரத்தைப் பற்றி அவர்கள் சொன்ன பதில்கள் பெரும்பாலான பிரிவுகளில் அதே வயதுடைய மற்றப் பிள்ளைகளின் பதில்களை ஒத்திருந்தன. பாவம் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் தம்மைப் பாவமாக நினைக்கவில்லை. அதே கேள்விகளைப் பெற்றோரிடம் கேட்டபோது, பத்துப் பிரிவுகளில் எட்டில் பிள்ளை சொன்னதைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். வளர்ப்பின் அழுத்தம் அதிகமாக இருந்த பெற்றோர் இன்னும் குறைத்துச் சொன்னார்கள். ஆனால் ஓர் இடத்தில் இது தலைகீழாகும். பிள்ளைக்குக் கடுமையான வலி இருந்தபோது, அதன் வாழ்க்கைத்தரத்தைப் பிள்ளை சொன்னதைவிடப் பெற்றோர் கூட்டிச் சொல்லும் போக்கு இருந்தது. பிள்ளையின் வலி பெற்றோரின் கண்ணுக்கு முழுதாகத் தெரியவில்லை. இதைப் படித்த அன்று வெகு நேரம் எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

மீதி 318 பேர், கடுமையான அறிவுசார் குறைபாட்டால் தாமே பதில் சொல்ல முடியாதவர்கள். அவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்களா என்பது அந்த 500 பேரின் பதிலில் இல்லை. நல்ல செய்தி ஒன்று கிடைத்ததும் இந்த 318ஐ மறந்துவிடுவது சுலபம்.

ஸ்பார்க்கிள் பங்கேற்பையும் தனியாக அளந்தது. பல துறைகளில், ஆனால் எல்லாவற்றிலும் அல்ல, இந்தப் பிள்ளைகளின் பங்கேற்பு மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. வலி அதிகமானால் பங்கேற்பு குறைந்தது. இவை ஓரளவு எதிர்பார்த்தவைதான். அடுத்து வந்ததுதான் என்னைப் பொறுத்தவரை இந்தத் துறை முழுவதிலும் மிகப் பெரிய செய்தி. உடல் குறைபாட்டின் கடுமையையும் வலியையும் கணக்கில் கழித்த பிறகும், வட்டாரத்துக்கு வட்டாரம் பங்கேற்பு கணிசமாக வேறுபட்டது. கிழக்கு டென்மார்க்கில் வாழ்ந்த பிள்ளைகள் மற்ற வட்டாரப் பிள்ளைகளைவிடத் தொடர்ந்து அதிகமாகப் பங்கேற்றார்கள். அதே அளவு பாதிப்பு, அதே அளவு வலி, ஆனால் ஓர் இடத்தில் பிறந்தால் வெளியே போகலாம், இன்னோர் இடத்தில் பிறந்தால் வீட்டில் இருக்கலாம். அப்படியானால் பங்கேற்பு மதிப்பெண் என்று பிள்ளையின் பெயருக்கு எதிரே நாம் எழுதும் எண் பிள்ளையுடையது மட்டுமா? அதில் ஒரு பகுதி நகராட்சியுடையது, பேருந்து நிறுத்தத்துடையது, பக்கத்து வீட்டுக்காரருடையது.

பட்டியலில் எது இருக்க வேண்டும்

கனடாவில் பிறந்த கேப் பட்டியலில் பனிச்சறுக்கு போன்ற பனி விளையாட்டுகளும் குதிரை ஏற்றமும் உண்டு. அவர்கள் ஊருக்கு அது சரி. திருநெல்வேலியிலோ கிளிநொச்சியிலோ இருக்கும் பிள்ளையிடம் அதை அப்படியே கேட்டால் சுழியம்தான் வரும். கோலம் போடுவதையும், குடத்தோடு குழாயடிக்குப் போவதையும், திருவிழாவில் சப்பரத்தின் பின்னால் நடப்பதையும், கல்யாண வீட்டுப் பந்தியில் தண்ணீர் ஊற்றுவதையும் கேட்க அங்கே அட்டை இல்லை. பந்தியில் தண்ணீர் ஊற்றுவது நம் சமூகத்தில் ஒரு பிள்ளை பெரியவர்களின் உலகுக்குள் நுழையும் வாசல். அதை அளக்காத அளவுகோல் நம்மைப் பற்றி எதைச் சொல்லும்?

இந்தக் குறையைத் தீர்க்க வந்தவற்றில் ஒன்று பிக்சர் மை பார்ட்டிசிபேஷன். தென்னாப்பிரிக்கா, ஸ்வீடன், ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சேர்ந்து, வருமானம் குறைந்த சூழல்களை மனதில் வைத்துச் செய்தது. பிள்ளையிடமே கேட்பது. படங்களைக் காட்டி, எப்போதும், சில நேரம், எப்போதாவது, ஒருபோதும் இல்லை என்ற இடங்களில் வைக்கச் சொல்வார்கள். பேச்சு வராத பிள்ளையும் கையால் பதில் சொல்லலாம். அதிலுள்ள 20 விஷயங்களில் தண்ணீர், விறகு போன்ற அன்றாடத் தேவைகளைக் கொண்டுவருவது, சமையலில் உதவுவது, ஆடுமாடு கவனிப்பது, வழிபாட்டுக்குப் போவது எல்லாம் உண்டு. வீட்டு வேலையையும் பங்கேற்பாக எண்ணியதுதான் அதில் எனக்குப் பிடித்தது. கடைசியில் பிள்ளை தனக்கு மிக முக்கியமான மூன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மூன்றுக்கும் எது உதவுகிறது, எது தடுக்கிறது என்று பேச்சு தொடரும். அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளிடமும் இல்லாத பிள்ளைகளிடமும் தென்னாப்பிரிக்காவிலும் ஸ்வீடனிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும் என்பது சரியான கொள்கை. எல்லாரும் எல்லாவற்றிலும் கலந்துகொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லை. தனியாக ரயில் பொம்மைகளை அடுக்குவதில் ஆனந்தம் காணும் பிள்ளையைப் பிறந்தநாள் விழாக்களுக்கு இழுத்துப்போய் மதிப்பெண்ணை உயர்த்துவது கொடுமை. அதே சமயம், விருப்பம் என்பதும் கிடைத்த அனுபவத்திலிருந்துதான் முளைக்கிறது. சென்னை மெரினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலி மணலில் புதையும். அதனால் எத்தனையோ பிள்ளைகள் சாலையோரத்தில் நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அப்படியொரு பிள்ளையிடம் அலையில் கால் நனைக்க ஆசையா என்று கேட்டு, இல்லை என்று பதில் வந்தால் அதை விருப்பம் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? 2022 நவம்பரில் கடல் அருகே வரை நிரந்தர மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சேதமானது, பிறகு சரிசெய்தார்கள். பாதை திறந்த அந்த நாட்களில், சென்னையில் சில பிள்ளைகளின் பங்கேற்பு மதிப்பெண் ஒரே வாரத்தில் ஏறியிருக்கும். யாருக்கும் எந்தச் சிகிச்சையும் நடக்கவில்லை.

கனடாவின் மான்ட்ரியலில் இதையே திட்டமிட்டுச் செய்து பார்த்திருக்கிறார்கள். டானா அனபியும் மேரி லாவும் மற்றவர்களும் உருவாக்கிய ப்ரெப் என்ற முறையில், உடல் ஊனமுள்ள வளரிளம் பருவத்தினர் தாங்கள் செய்ய விரும்புவதைத் தாங்களே தேர்ந்தெடுப்பார்கள். சிகிச்சையாளர் பன்னிரண்டு வாரம் கூட இருப்பார். தசைக்குப் பயிற்சி தர மாட்டார். குறுக்கே நிற்பது எது என்று தேடி, அதை விலக்கும் வழியைக் குடும்பத்துக்கும் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுப்பார். 1 முதல் 10 வரையிலான அளவில், அந்தச் செயலை எவ்வளவு நன்றாகச் செய்ய முடிகிறது என்பதைத் திரும்பத் திரும்பக் குறித்து வந்தார்கள். சூழலை மட்டும் மாற்றியதிலேயே மதிப்பெண்கள் ஏறின. இங்கே ஊர்ச் சராசரியோடு ஒப்பீடு கிடையாது. பிள்ளையின் நேற்றோடு பிள்ளையின் இன்று, அவ்வளவே.

நம் கடைக்கு வருவோம். பிள்ளைக்கு அங்கே போக ஆசை என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரிடம் ஒருமுறை போய், இவன் பேச நேரம் எடுப்பான், கொஞ்சம் பொறுங்கள் அண்ணே என்று சொல்லிவைக்கலாம். பால் பாக்கெட், கொத்தமல்லி, முட்டை என்று நாலைந்து படங்களை ஒரு அட்டையில் ஒட்டிக் கழுத்தில் மாட்டிவிடலாம். கடைவாசலில் உள்ள ஒற்றைப் படிக்கு ஒரு சாய்பலகை போடக் கேட்கலாம். கூட்டம் குறைந்த மூன்று மணிக்கு அனுப்பலாம். முதல் வாரம் அக்கா கூடவே போகிறாள், மூன்றாம் வாரம் தெருமுனையில் நின்றுகொள்கிறாள், ஐந்தாம் வாரம் வாசலிலேயே இருந்துவிடுகிறாள். "எத்தனை முறை" என்ற கட்டத்தில் வாரம் ஒருமுறை, 5 என்று அம்மா எழுதலாம். "எவ்வளவு பிடித்திருந்தது" என்ற கட்டத்தை மட்டும் அவனிடம் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும்.